செவ்வாய்க்குப் போகும் வழியில் ஒரு மரணச் செய்தி வந்தால்

கேள்வி: செவ்வாய்க்குப் போய்த் திரும்பும் ஒரு கப்பலை வைத்து நாவல் எழுதுகிறேன். நாயகன் கப்பலில் இருக்கிறான், மனைவி பூமியில். பாதி வழியில் அவள் இறந்துவிடுகிறாள். அவனிடம் சொல்வார்களா, மறைப்பார்களா? கப்பலுக்குள்ளேயே இருவருக்குள் காதல் வந்தால் விடுவார்களா? யாராவது கப்பலிலேயே இறந்துபோனால் உடலை என்ன செய்வார்கள்? இதற்கெல்லாம் நிஜத்தில் முன்னுதாரணம் ஏதாவது உண்டா?

பதில்: நிறையவே உண்டு. செவ்வாய்க்கு இன்னும் யாரும் போகவில்லை என்பது சரி. ஆனால் பூமியைச் சுற்றும் நிலையங்களில் மாதக்கணக்கில் தங்கியவர்களுக்கு அங்கே இருக்கும்போதே அப்பா இறந்திருக்கிறார், அம்மா இறந்திருக்கிறார், கல்யாணம் ஆகியிருக்கிறது, குழந்தை பிறந்திருக்கிறது. அந்த அனுபவங்களிலிருந்துதான் உங்கள் நாயகனுக்கு என்ன நடக்கும் என்று ஊகிக்க முடியும். நான் பல வருடங்களாக விண்வெளிப் பயணங்களின் வரலாற்றைப் படித்துவருகிறவன். ராக்கெட்டுகளைவிட இந்தப் பகுதிதான் என்னை அதிகம் பிடித்து வைத்திருக்கிறது. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் மறைத்த கதை. 1977 டிசம்பரில் கியோர்கி கிரெச்கோ, யூரி ரோமனென்கோ என்ற இரண்டு சோவியத் வீரர்கள் சல்யூத் 6 நிலையத்துக்குப் போனார்கள். 96 நாள் இருந்தார்கள், அது அன்றைக்கு உலக சாதனை. அந்த நாட்களுக்குள் கிரெச்கோவின் அப்பா இறந்துவிட்டார். தரையில் இருந்தவர்களுக்குத் தெரியும். ரோமனென்கோவுக்கும் தெரியும். கிரெச்கோவிடம் மட்டும் சொல்லவில்லை. 1978 மார்ச்சில் தரையிறங்கிய பிறகுதான் அவர் தெரிந்துகொண்டார்.

இதைப் படிக்கும் எல்லாரும் கிரெச்கோவுக்காக வருத்தப்படுவார்கள். எனக்கு ரோமனென்கோவை நினைத்தால்தான் நெஞ்சு கனக்கிறது. அவர் அந்தப் பயணத்தின் தளபதி, ஆனால் வயதில் கிரெச்கோவைவிட 13 வருடம் சின்னவர். சல்யூத் 6-இன் உள்ளளவு சுமார் 90 கன மீட்டர், நம் ஊரில் ஒரு சின்ன ஃபிளாட் அளவுதான். அதற்குள் ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே ஜன்னலில் எட்டிப் பார்த்து, 'வீட்டில் எல்லாரும் நல்லா இருப்பாங்க' என்கிற பேச்சு வரும்போதெல்லாம் முகத்தை மாற்றாமல் இருக்க வேண்டும். மறைப்பது என்று முடிவெடுத்தால் அதன் சுமை செய்தியை அறியாதவர் மேல் விழுவதில்லை. பக்கத்தில் இருப்பவர் மேல் விழுகிறது. உங்கள் நாவலில் மறைக்கிற பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால், கதை நாயகனுடையதாக இருக்காது, அவனிடம் சொல்லாமல் இருக்கும் அந்த இன்னொருவருடையதாக மாறிவிடும். அது தவறில்லை. தெரிந்து எழுதுங்கள் என்கிறேன்.

அன்றைக்கு மறைத்ததற்கு ஒரு நியாயம் இருந்தது. தரை நிலையங்களுக்கும் கண்காணிப்புக் கப்பல்களுக்கும் மேலே கடக்கும்போது மட்டும்தான் பேச முடியும், அதுவும் சில நிமிடங்கள். சொல்லிவிட்டு அவரோடு உட்கார்ந்து பேச வழியில்லை. துக்கத்தில் கவனம் சிதறினால் இரண்டு பேரின் உயிருக்கும் ஆபத்து. ஆனாலும் நான் அதை ஏற்கவில்லை. ஒருமுறை மறைத்தது வெளியே தெரிந்தால், அடுத்து பறக்கும் ஒவ்வொருவரும் தரையிலிருந்து வரும் ஒவ்வொரு உற்சாகமான குரலையும் சந்தேகப்படுவார்கள். 'அம்மா எப்படி இருக்காங்க' என்று கேட்டு 'நல்லா இருக்காங்க' என்று பதில் வந்தால் அதை நம்பலாமா என்று யோசிக்க வேண்டியிருக்கும். பூமியிலிருந்து 400 கிலோமீட்டர் மேலே இருப்பவருக்கே அது பெரிய சுமை. பல கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்குத் தரையின் வார்த்தையை விட்டால் வேறு ஆதாரம் கிடையாது.

இதில் ஒரு ஆய்வு முடிவு நினைவுக்கு வருகிறது. 2010 ஜூன் முதல் 2011 நவம்பர் வரை மாஸ்கோவில் ஆறு ஆண்கள் 520 நாள் ஒரு மூடிய கூடத்துக்குள் செவ்வாய்ப் பயணத்தை ஒத்திகை பார்த்தார்கள். மார்ஸ் 500 என்று பெயர். வெளியே பேசுவதற்குச் செயற்கையாகத் தாமதம் வைத்தார்கள். அவர்கள் தங்களுக்குள் உரசிக்கொண்டதைவிட, கட்டுப்பாட்டு அறையோடு உரசியதாகச் சொன்னது ஐந்து மடங்கு அதிகம். உள்ளே இருக்கிற எரிச்சலை வெளியே இருப்பவர்கள் மேல் திருப்புவது இத்தகைய குழுக்களின் இயல்பு. ரஷ்யாவின் மீர் விண்வெளி நிலையத்திலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். அப்படி ஏற்கெனவே இழுபட்டு நிற்கும் உறவில் ஒரு மரணத்தை மறைத்தது வேறு சேர்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளலாம்.

இப்போது மறைப்பதில்லை. நாசாவில், கெட்ட செய்தி வந்தால் சொல்ல வேண்டுமா, யார் சொல்ல வேண்டும் என்று பறப்பதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்கிறார்கள். அது எப்படி நடக்கும் என்பதற்கு நாசா வீரர் டேனியல் டானியின் கதையைவிட நல்ல உதாரணம் இல்லை.

டானி 2007 அக்டோபரில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போனார். டிசம்பரில் அட்லாண்டிஸ் விண்ணோடம் (ஸ்பேஸ் ஷட்டில்) வந்து அவரைக் கூட்டிவர வேண்டும். டிசம்பர் 6, 9 என்று இரண்டு முறை முயன்றும், எரிபொருள் தொட்டியின் உணர்விகள் சரியாக வேலை செய்யாததால் பயணம் தள்ளிப்போனது. முதல் திட்டப்படி பறந்திருந்தால் டிசம்பர் 17 வாக்கில் டானி பூமியில் இருந்திருப்பார். அதற்குப் பதில் டிசம்பர் 18 அன்று அவரும் நிலையத்தின் தளபதி பெக்கி விட்சனும் நிலையத்துக்கு வெளியே இறங்கி வேலை பார்த்தார்கள். அந்த நிலையத்தின் நூறாவது விண்நடை அது. மறுநாள், டிசம்பர் 19, இல்லினாய் மாநிலத்தில் அவருடைய அம்மா ரோஸ் டானி ஓட்டிப்போன கார் மீது ரயில் மோதியது. அவருக்கு 90 வயது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளி என்பதற்காக யூட்டாவில் இருந்த டோபாஸ் முகாமில் கணவரோடு அடைக்கப்பட்டவர். டானி சின்னக் குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட, பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர்.

செய்தியை டானியிடம் சொன்னது அவருடைய மனைவியும் ஒரு மருத்துவரும். தனிப்பட்ட வீடியோ அழைப்பில். இறுதிச் சடங்குக்கு அவரால் வர முடியவில்லை. 400 கிலோமீட்டர்தான் தூரம், சென்னையிலிருந்து மதுரை போகிற தூரம்கூட இல்லை, ஆனால் இறங்க வண்டி இல்லை. ஜனவரி 30 அன்று மறுபடியும் விட்சனோடு வெளியே போய், சூரியத் தகட்டைத் திருப்பும் ஒரு பழுதான மோட்டாரை மாற்றினார். 2008 பிப்ரவரி 20 அன்றுதான் தரையிறங்கினார்.

இந்தக் கதையில் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம், அந்த வீடியோ அழைப்பு. மனைவி சொல்கிறார், டானி கேட்கிறார், அழுகிறார், 'எப்போ? எப்படி?' என்கிறார், உடனே பதில் வருகிறது. பேசாமல் இருந்தாலும் அந்த மௌனத்தில் இரண்டு பேரும் சேர்ந்து இருக்கிறார்கள். செவ்வாய்ப் பாதையில் இது முடியாது.

பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே தூரம் 5.5 கோடி கிலோமீட்டரிலிருந்து 40 கோடி கிலோமீட்டர் வரை மாறிக்கொண்டே இருக்கும். ரேடியோ அலை ஒளியின் வேகத்தில் போனாலும் ஒரு பக்கம் போக மூன்று நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை ஆகும். நாயகனின் மாமனாரோ மகளோ 'அம்மா போயிட்டாங்க' என்று திரையில் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் அலறுவது அவர்களை எட்ட இருபது நிமிடம், அவர்கள் ஆறுதல் சொல்வது அவனை எட்ட இன்னொரு இருபது. நடுவில் அவன் ஒரு பதிவு செய்யப்பட்ட முகத்தைப் பார்த்துக்கொண்டு தனியாக இருப்பான். இப்படி ஒரு செய்தியை ஒரு மனிதனிடம் கொடுக்கக் கூடாது.

ஆகவே செய்தி சொல்கிற வேலை பூமியிலிருந்து கப்பலுக்கு இடம் மாறியாக வேண்டும். தரையிலிருந்து வரும் தகவல் முதலில் தளபதிக்கோ கப்பல் மருத்துவருக்கோ போக வேண்டும். அவர்தான் நாயகனின் அறைக்குப் போய், பக்கத்தில் இருந்து, வாய்திறந்து சொல்ல வேண்டும். குடும்பத்தின் வீடியோ அதற்குப் பிறகு வரட்டும். கிரெச்கோ காலத்தில் தளபதி மறைத்ததும், டானி காலத்தில் மனைவி சொன்னதும், செவ்வாய்க் காலத்தில் இப்படித்தான் மாறும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் முக்கியமான பதில் இதுதான்: தூரம் கூடக் கூட, கூட இருப்பவர் யார் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

கூட இருப்பவர் என்ன செய்ய முடியும்? இதற்கு 2001-ஐப் பார்க்க வேண்டும். அமெரிக்கா மீது விமானத் தாக்குதல் நடந்த செப்டம்பர் 11 அன்று நிலையத்தில் மூன்று பேர் இருந்தார்கள். தளபதி ஃபிராங்க் கல்பர்ட்சன் மட்டும் அமெரிக்கர். மற்ற இருவர் விளாதிமிர் தெழுரோவ், மிகயில் தியூரின். நியூயார்க்கிலிருந்து எழுந்த புகையைக் கல்பர்ட்சன் ஜன்னல் வழியாகவே பார்த்தார். அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் மீது மோதிய விமானத்தின் கேப்டன் சார்லஸ் பர்லிங்கேம், தன்னோடு கடற்படைக் கல்லூரியில் படித்தவர் என்பது அவருக்குப் பிறகு தெரியவந்தது. விண்வெளியில் கண்ணீர் இங்கே போல வழிவதில்லை என்று அவர் அப்போது ஒரு கடிதத்தில் எழுதினார். அது அப்படியே உண்மை. எடை இல்லாத இடத்தில் கண்ணீர் கீழே இறங்காது, கண்ணிலேயே உருண்டையாகத் திரண்டு ஒட்டிக்கொண்டு நிற்கும். துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

அதே கடிதத்தில், தன்னோடு இருந்த இருவரும் அன்று எப்படி நடந்துகொண்டார்கள் என்றும் எழுதியிருக்கிறார். யோசிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியபோது விலகி இடம் கொடுத்தார்கள். தியூரின் அவருக்குப் பிடித்த பீட்ரூட் சூப்பை, ரஷ்யர்களின் போர்ஷ்டை, ராத்திரி சாப்பாட்டுக்குத் தயாரித்துக் கொடுத்தார். நம் ஊரில் சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், பக்கத்து வீட்டிலிருந்தோ சம்பந்தி வீட்டிலிருந்தோ சோறு வரும். யாரும் கற்றுக்கொடுக்காமலே தியூரின் அதைத்தான் செய்தார்.

தெழுரோவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். ஆறு வருடம் முன்பு, 1995-இல், அவர் மீர் நிலையத்தின் தளபதி. அதுதான் அவருடைய முதல் பயணம், வயது 32. அங்கே இருக்கும்போது அவருடைய அம்மா இறந்துவிட்டார். இந்த முறை மறைக்கவில்லை, சொன்னார்கள். கூட இருந்தவர்களில் ஒருவர் அமெரிக்கரான நார்மன் தாகார்ட், தொழிலில் மருத்துவர். தெழுரோவ் பயணத்தைப் பாதியில் விடவில்லை, ஜூலை மாதம்தான் இறங்கினார். ஆக, 2001-இல் கல்பர்ட்சன் பக்கத்தில் இருந்தவர், மேலே இருந்துகொண்டு கீழே ஒருவரை இழப்பது என்றால் என்னவென்று உடம்பால் அறிந்தவர். நடந்ததை அவரிடம் விளக்கியபோது அவருக்கு நன்றாகப் புரிந்தது, மிகவும் பரிவோடு இருந்தார் என்று கல்பர்ட்சன் எழுதியிருக்கிறார். இதில் எனக்கு வியப்பே இல்லை.

இந்தச் சின்ன உலகத்தில் அனுபவம் இப்படித்தான் கைமாறிக்கொண்டே வருகிறது. டானியோடு இருந்த பெக்கி விட்சனை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவர் நாசாவின் தலைமை விண்வெளி வீரர் ஆனார். 2011 ஜனவரி 8 அன்று அரிசோனாவில் நாடாளுமன்ற உறுப்பினர் கேபிரியல் கிஃபர்ட்ஸ் சுடப்பட்டார். அவருடைய கணவர் மார்க் கெல்லியின் இரட்டைச் சகோதரர் ஸ்காட் கெல்லி அப்போது நிலையத்தில் தளபதியாக இருந்தார். அவரை அழைத்து விஷயத்தைச் சொன்னது விட்சன். டானி கலங்கி நின்றதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். இந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமானவர் யார் இருந்திருப்பார்? செவ்வாய்க்குப் போகிற குழுவைத் தேர்ந்தெடுக்கும்போது பொறியாளர், மருத்துவர், புவியியலாளர் என்று பார்ப்பார்கள். இப்படி ஒருவரும் அதில் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

சரி, உங்கள் நாயகன் செய்தி கேட்டவுடன் கப்பலைத் திருப்பச் சொல்வானா? சொல்வான். திருப்ப முடியாது. செவ்வாய்க்குக் கிளம்பும் உந்தலைக் கொடுத்து முடித்த பிறகு கப்பல் சூரியனைச் சுற்றும் பாதையில் நொடிக்கு 20 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அதை நிறுத்தித் திருப்பும் அளவு எரிபொருளை எந்தக் கப்பலும் சுமக்காது. போக ஏழெட்டு மாதம், அங்கே கோள்கள் மறுபடி சரியான இடத்துக்கு வரும்வரை ஒன்றரை வருடக் காத்திருப்பு, திரும்ப ஏழெட்டு மாதம். பதினாறாம் நாள் காரியம், முதல் வருடத் திவசம் எல்லாம் வழியிலேயே கடந்துபோகும். சில திட்டங்களில் செவ்வாயில் இறங்காமல் சுற்றி வளைந்து திரும்பும் வாய்ப்பு உண்டு, அதற்கும் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

இன்னொரு விஷயம், நாவலாசிரியர்கள் பயன்படுத்தாமல் விடுவது. ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒருமுறை செவ்வாய் சூரியனுக்குப் பின்னால் போய்விடும். அப்போது சூரியனின் மின்னூட்டத் துகள்கள் ரேடியோ சமிக்ஞைகளைச் சிதைக்கும் என்பதால், சுமார் இரண்டு வாரம் அங்கே இருக்கும் ஊர்திகளுக்கு நாசா கட்டளை அனுப்புவதையே நிறுத்திவிடுகிறது. மனிதர்கள் போகும் காலத்தில் இடையில் ஒரு அஞ்சல் செயற்கைக்கோளை வைத்து இதைச் சரிசெய்யலாம். வைக்காத காலத்தில் உங்கள் கதை நடந்தால், அவள் அந்த இரண்டு வாரத்துக்குள் இறக்கலாம். அடக்கமும் முடிந்து, வீடும் கழுவி, உறவினர்களும் ஊர் திரும்பிய பிறகுதான் அவனுக்குத் தெரியும். அந்த இரண்டு வாரமும் அவளுக்கு அனுப்புவதற்காக அவன் பதிவு செய்து வைத்த வீடியோக்கள் வரிசையில் காத்திருக்கும்.

அடுத்து காதல். சந்தோஷமான கதையிலிருந்தே தொடங்குகிறேன். 2003-இல் ரஷ்ய வீரர் யூரி மலென்சென்கோ நிலையத்தில் இருந்தார். பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்ததால் பயணத் திட்டங்கள் எல்லாம் மாறிப்போயின. கோடையில் நடக்க வேண்டிய அவருடைய கல்யாணத்துக்கு அவரால் இறங்கிவர முடியவில்லை. மணமகள் யெகத்தெரீனா டெக்ஸாஸில் இருந்தார். ஒருவர் நேரில் இல்லாமலும் திருமணம் செய்ய அந்த மாநிலச் சட்டம் இடம் கொடுத்தது. ஆகஸ்ட் 10 அன்று, மணமகள் மாப்பிள்ளையின் ஆளுயர அட்டைப் படத்துக்குப் பக்கத்தில் நிற்க, மேலே மலென்சென்கோ உறுதிமொழி சொல்ல, கூட இருந்த எட் லூ கீபோர்டில் கல்யாண இசை வாசித்தார். மோதிரம் சரக்குக் கலத்தில் போயிருந்தது. இதே மலென்சென்கோதான் 2007-இல் டானியின் அம்மா இறந்தபோதும் நிலையத்தில் இருந்த மூன்றாவது ஆள். ஏழு பேரின் சாவு நிழலில் கல்யாணம் செய்துகொண்டவர், இன்னொரு துக்கத்தில் பக்கத்தில் இருந்தார். 2004 ஜூனில் அமெரிக்க வீரர் மைக் ஃபிங்க் மேலே இருக்கும்போது கீழே அவருக்கு மகள் பிறந்தாள். இதெல்லாம் தூரத்துக் காதல், தாமதம் இல்லாத தூரம்.

கப்பலுக்குள் காதல் என்பது வேறு. தம்பதியாகச் சேர்ந்து விண்ணோடத்தில் பறந்தவர்கள் ஜேன் டேவிஸ், மார்க் லீ. 1992 செப்டம்பர், எண்டெவர் விண்ணோடம், எட்டு நாள். அதே பயணத்துக்குப் பயிற்சி எடுக்கும் காலத்தில் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள், அவர்களை மாற்ற நேரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு தம்பதிகளை ஒரே குழுவில் சேர்ப்பதை நாசா தவிர்த்தது. பாப் பென்கென், மெகன் மெக்ஆர்தர் தம்பதி 2020-இலும் 2021-இலும் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஒரே டிராகன் கலத்தில், ஒரே இருக்கையில் போனார்கள், ஆனால் ஒருவர் பின் ஒருவராக. ஒருவர் மேலே, ஒருவர் மகனோடு கீழே.

மூன்று வருடப் பயணத்துக்கு இந்த எச்சரிக்கை செல்லுமா என்பது எனக்குச் சந்தேகம். நாலைந்து பேர், ஆணும் பெண்ணும், மூன்று வருடம். விதி எழுதி வைத்துக் காதலைத் தடுக்க முடியாது, ஒளிந்து நடக்கத்தான் வைக்க முடியும். அரிசோனாவில் பயோஸ்ஃபியர் 2 என்ற மூடிய கண்ணாடிக் கூடத்தில் எட்டுப் பேர் 1991 செப்டம்பரிலிருந்து இரண்டு வருடம் இருந்தார்கள். பாதிப் பாதியாக இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து, ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசாத நிலைவரை போனார்கள். அதே எட்டுப் பேரில் ஜேன் பாய்ன்டர், டேபர் மெக்கல்லம் என்ற இருவர் காதலர்களாக இருந்து, வெளியே வந்த பிறகு கல்யாணம் செய்துகொண்டார்கள். 2013-இல் டென்னிஸ் டிட்டோ என்ற அமெரிக்கச் செல்வந்தர், செவ்வாயைச் சுற்றித் திரும்பும் 501 நாள் பயணத்துக்குக் கல்யாணமான நடுத்தர வயது ஜோடி ஒன்றை அனுப்பலாம் என்று அறிவித்தபோது, அந்தத் திட்டத்தில் இந்த இருவரும் இருந்தார்கள். அத்தனை நெருக்கடியிலும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பது தம்பதிகளுக்குக் கைகூடும் என்பது அவர்கள் எண்ணம். திட்டம் நடக்கவில்லை. எண்ணம் தவறானதாக எனக்குத் தெரியவில்லை.

பிரச்சினை காதலில் இல்லை, அது முறியும்போதோ ஒருவர் சாகும்போதோதான். பூமியில் முறிந்தால் வேறு தெருவுக்குக் குடிபோகலாம். கப்பலில் மறுநாள் காலை அதே ஆளோடு காற்றுச் சுத்திகரிப்பானைக் கழற்ற வேண்டும். உங்கள் நாவலில் கப்பலுக்குள் காதல் வருகிறது என்றால், மற்ற மூன்று பேர் என்ன செய்கிறார்கள் என்பதைத் தயவுசெய்து எழுதுங்கள். சாப்பாட்டு மேசையில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதுகூட மாறும்.

கடைசியாக, கப்பலிலேயே மரணம். விண்வெளியிலேயே இறந்தவர்கள் இதுவரை மூன்று பேர்தான் (கொலம்பியா சிதறியது பூமியின் காற்று மண்டலத்துக்குள்). 1971 ஜூன் 30, சோவியத் கலமான சோயுஸ் 11, தொப்ரவோல்ஸ்கி, வோல்கோவ், பத்சாயெவ். திரும்பும் வழியில் ஒரு வால்வு திறந்து காற்று முழுவதும் வெளியேறியது. மூவரும் சேர்ந்தே போய்விட்டார்கள். ஆக, ஒருவர் இறந்து மற்றவர்கள் அதே கப்பலில் வாழ வேண்டிய நிலை மனிதர்களுக்கு இன்னும் வரவில்லை.

வந்தால் என்ன என்று ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். வீரர் ஒருவர் மேலே இறந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, தரையில் யார் யாரிடம் சொல்வது, ஊடகம் என்ன ஆகும், உடல் என்ன ஆகும் என்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். கனடா விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்ட் தன்னுடைய சாவு ஒத்திகையில் தானே உட்கார்ந்திருந்ததாக எழுதியிருக்கிறார், மனைவியும் கலந்துகொண்டார். அவர் விண்ணில் இருக்கும் நாட்களில் இமயமலைப் பக்கம் மலையேறப் போகலாம் என்று மனைவி நினைத்திருந்தாராம். அந்த ஒத்திகையில் உட்கார்ந்த பிறகுதான், அப்படி ஒரு செய்தி வந்தால் தன்னை எட்டுவதே கடினம் என்று அவருக்கு உறைத்தது.

நிலையத்தில் இறந்தால் உடலைச் சில நாளில் பூமிக்குக் கொண்டுவந்துவிடலாம். செவ்வாய்ப் பாதையில் முடியாது. மூடிய பையில் வைத்துக் குளிரான, தனியான ஒரு பகுதியில் பயணம் முடியும்வரை பாதுகாப்பதுதான் பெரும்பாலும் பேசப்படும் வழி. செவ்வாய் மண்ணில் புதைப்பதில் வேறு சிக்கல். பிற கோள்களைப் பூமியின் உயிரிகளால் மாசுபடுத்தக் கூடாது என்கிற கடமை 1967 விண்வெளி ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, ஒரு மனித உடல் முழுக்க அப்படிப்பட்ட உயிரிகள்தான்.

கப்பல்காரர்கள் கடலில் விடுவதுபோல வெளியே விடலாம் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். கதைகளில் அப்படித்தான் வரும், உடல் இருட்டுக்குள் விலகிப்போய் மறைந்துவிடும். நிஜத்தில் அது மறையாது. கப்பலில் இருந்த உடலுக்குக் கப்பலின் வேகமே இருக்கும். மெதுவாக வெளியே விட்டால், அதே பாதையில், கப்பலுக்குப் பக்கத்திலேயே அதுவும் வரும். நன்றாகத் தள்ளிவிட்டால்தான் நாளடைவில் விலகும். அந்தத் தள்ளுதலை யாராவது ஒருவர் செய்ய வேண்டும். யார் செய்வது என்பதை அந்தக் குழு பேசி முடிவெடுக்கும் காட்சி உங்கள் நாவலில் இருந்தால் நான் அதைப் படிக்கக் காத்திருப்பேன்.

நேரம் மெதுவாவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. அவன் இளமையாகத் திரும்ப, மனைவி முதுமையடைந்திருப்பாள் என்கிற கணக்கு ஒளிக்கு நெருங்கிய வேகத்தில்தான் நடக்கும். நிலையத்தில் ஆறு மாதம் இருந்தவருக்குக் கிடைக்கும் வித்தியாசம் ஒரு நொடியில் இருநூறில் ஒரு பங்கு. செவ்வாய்க் கதையில் அதைத் தொடாதீர்கள்.

எழுதத் தொடங்கும் முன் கப்பலில் எத்தனை பேர், அவர்களில் யார் ஏற்கெனவே யாரை இழந்தவர் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். செய்தியை நாயகனிடம் கொண்டுபோய்ச் சொல்லப்போகிறவர் அதிலிருந்து தானாகக் கிடைப்பார்.